'ஷெட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லும் தமிழ் நிகரன்களும்

முன்னுரை

'ஷெட்' என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் ஒற்றைச் சொல் நிகராக அமைவதில்லை. மரம் இலையை உதிர்க்கிறது. பாம்பு சட்டையை உரிக்கிறது. மனிதர் கண்ணீர் வடிக்கின்றனர், குருதி சிந்துகின்றனர். இந்நான்கிடத்தும் ஆங்கிலம் ஒரே வினையை ஆள, தமிழ் நான்கு வினைகளை ஆள்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தையும், பொருந்தா நிகரன் பொருளைத் தலைகீழாக்கும் ஓர் இடத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல் வரலாறு

பழைய ஆங்கிலத்தில் இவ்வினைக்குப் 'பிரித்தல், வேறாக்குதல்' என்பதே பொருள். இதன் இனச்சொல்லாகிய ஜெர்மன் 'ஷைடன்' இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. 'வாட்டர்ஷெட்' என்னும் கூட்டுச்சொல்லிலும் பிரித்தற்பொருளே உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு போல, பெய்யும் மழையை இருபுறமும் பிரித்தனுப்பும் மேட்டுக்கோட்டையே அது முதலிற் குறித்தது. பின்னர், குறிப்பாக அமெரிக்க வழக்கில், ஓர் ஆற்றுக்கு நீர் வந்துசேரும் நிலப்பரப்பு முழுவதையும் குறிக்கலாயிற்று. நம் அலுவல் வழக்கிலுள்ள 'நீர்வடிப்பகுதி' பிந்திய பொருளுக்கே உரியது; முகட்டுக்கோட்டைக் குறிக்க அதனை ஆளுதல் பிழையாகும்.

'லோகோ ஷெட்' எனத் தமிழ்ப் பேச்சிலும் கலந்துவிட்ட, கொட்டகையைக் குறிக்கும் பெயர்ச்சொல் வேறு. அது நிழலைக் குறிக்கும் 'ஷேட்' என்பதனோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

வினையின் இயல்பு

ஆங்கில வினை, ஒன்றன் பகுதியாகவோ அதன்மேல் ஒட்டியோ இருந்த பொருள் அதனைவிட்டுப் பிரிவதை மட்டுமே நோக்குகிறது. பிரியும் முறையை அது கருதுவதில்லை. தமிழ் வினைகளோ பிரியும் பொருளின் தன்மையையும் பிரியும் முறையையும் தம்முள் அடக்கியவை. சிறியனவும் பலவுமாய் வீழ்வது உதிர்தல். மேலுறை கழல்வது உரிதல். நீர்மம் வெளிப்படுவது சிந்துதலும் வடிதலும். பாம்பு கழித்த தோலுக்கு 'உரி' என்னும் தனிப்பெயரே பழந்தமிழில் உண்டு. நுண்ணிய ஆடைக்கு அதனை உவமையாக்குகிறது பொருநராற்றுப்படை.

மற்றொரு வேறுபாடு தொடரமைப்பைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் மரமே எழுவாய். தமிழில் 'மரம் இலைகளை உதிர்த்தது' எனப் பிறவினையாற் கூறவியலுமேனும், 'இலைகள் உதிர்ந்தன' என்னும் தன்வினைத் தொடரே இயல்பானது. வளர்ப்பு நாயைப் பற்றிப் பேசும் ஆங்கிலேயர் முடி என்னும் செயப்படுபொருளைச் சொல்லாமலே நாயை எழுவாயாக்கி முடிப்பர். நாமோ 'நாய்க்கு முடி கொட்டுகிறது' என்கிறோம். நாய் நான்காம் வேற்றுமை ஏற்க, முடி எழுவாயாகிவிடுகிறது. மாணவர் மொழிபெயர்ப்புகளில் 'நாய் உதிர்க்கிறது' என நிற்கும் குறைத்தொடர்கள் இவ்வேறுபாட்டை உணராமையால் வருவன.

'லோட் ஷெட்டிங்' என்பதும் நோக்கத்தக்கது. மின்வழங்கல் அமைப்பு தன் சுமையைக் குறைத்துக்கொள்ளும் செயலை ஆங்கிலத்தொடர் குறிக்கிறது. 'மின்வெட்டு' என்னும் தமிழ்ச்சொல்லோ இருளில் அமர்ந்திருப்பவரின் பார்வையில் எழுந்தது. சொல்லுக்குச் சொல் ஒத்துவராவிடினும் இதுவே சிறந்த நிகரன் என்பது என் கருத்து.

மருத்துவ வழக்கு

எடையைக் குறைத்தல், பழைய தயக்கத்தைக் களைதல் போன்ற வழக்குகளில் இவ்வினை வேண்டாததைத் தொலைத்து விடுபடுதலைக் குறிக்கும். அங்கு 'களை', 'நீக்கு', 'உதறு' என்பன பொருந்தும். ஆனால் நோயாளி வைரசை 'ஷெட்' செய்கிறார் என மருத்துவ நூல் கூறுமிடத்தில், வைரஸ் அவர் உடலில் பெருகி, மூச்சு, சளி, மலம் முதலியவற்றின் வழியே வெளிவருகிறது என்பதே பொருள். அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றக்கூடும் என்பது அதன் உட்குறிப்பு. இதனை 'நோயாளி வைரசை நீக்கிவிட்டார்' எனப் பெயர்த்தால், படிப்பவர் அவர் குணமடைந்துவிட்டார் என்றே கொள்வர். எச்சரிக்கை உறுதிமொழியாக மாறிவிடும்.

வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் மலத்தில், வீரியம் குறைக்கப்பட்ட அவ்வைரஸ் சில வாரங்கள் வரை வெளியேறும். குழந்தையைப் பேணுவோர் கைகழுவ வேண்டும் என்னும் அறிவுரைக்கு இதுவும் ஒரு காரணமாகும். இங்கு 'குழந்தையின் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும்' என வைரசை எழுவாயாக்கி, தொடர்ச்சியை உணர்த்தும் துணைவினையும் சேர்த்தெழுதுவதே பொருளைக் காக்கும். முற்றுப்பெற்ற செயலை உணர்த்தும் 'விடு' என்னும் துணைவினை இத்தொடரில் எவ்விடத்தும் வரலாகாது.