இக்குவானிமிட்டி: நின்றாலும் செலவு வைத்த கப்பல்

1எம்டிபி பணத்தில் வாங்கப்பட்டதாகக் கூறப்பட்ட இக்குவானிமிட்டி சொகுசுக் கப்பல், 2018 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகம் வந்தது. 2014இல் நெதர்லாந்து நிறுவனம் கட்டிய இதன் நீளம் 91.5 மீட்டர். மேலே ஹெலிகாப்டர் தளம். உள்ளே நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இருபதுக்கும் மேற்பட்ட விருந்தினருக்கான அறைகள். வழக்கமான பயண வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்.

இத்தனை வசதிகளும் கப்பல் நின்றாலும் செலவு வைப்பவை. பளிங்கும் மரவேலையும் கெடாதிருக்க குளிர்சாதனம் ஓட வேண்டும். அதற்கு மின்சாரம், பராமரிக்க ஊழியர், மேலும் காப்புறுதி. இவ்வளவு விலை கொடுத்து வாங்குவோரும் சிலரே.

அதனால்தான் 250 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புடையதாகச் சொல்லப்பட்ட கப்பல், 2019இல் 126 மில்லியனுக்குக் கெந்திங் மலேசியாவிடம் போனது. மக்கள் பணத்தில் திரும்பி வந்தது ஏறக்குறைய பாதிதான். வைத்திருந்தால் அதுவும் கரைந்திருக்கும்.