பேரேடு காட்டிக்கொடுத்த கள்ளச் சாவி!

பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், "கிட்டில் ஏற்றிவிட்டேன்" என்று போனில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது என்ன "கிட்"?

கடைக்குப் பேரேடு எப்படியோ, அப்படி கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இது. எந்த வரியை, யார், எந்தத் தேதியில், எதற்காக மாற்றினார் என்பதை ஒன்று விடாமல் எழுதி வைக்கும் கணக்கு.

கணக்கில் என்ன சுவாரசியம் என்கிறீர்களா? பேரேட்டை ஒப்பிட்டுப் பார்த்ததால் பிடிபட்ட ஒரு சதியும், ஒப்பிட ஆள் இல்லாததால் ஊருக்குள் நுழையப் பார்த்த இன்னொரு சதியும் இதில் அடங்கியிருக்கின்றன.

ஊர் கூடி இழுக்கும் தேர்

1991-ம் ஆண்டு, ஃபின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், "லினக்ஸ்" என்ற புரோகிராமை எழுதி, அதன் மூலத்தை எல்லாருக்கும் திறந்து வைத்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். இன்று ஆண்ட்ராய்டு செல்போனிலிருந்து பெரிய சர்வர்கள் வரை அதுதான் ஓடுகிறது.

ஆயிரக்கணக்கானோர் இழுக்கும் தேருக்கு ஒழுங்கு வேண்டும் அல்லவா? சுமார் 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. முதல் 2 வாரம் புதிய சரக்குக்குக் கதவு திறந்திருக்கும். பிறகு மூடிவிடுவார்கள். அதன்பின் பிழை திருத்தம் மட்டுமே. வாரம் ஒரு சோதனைப் பதிப்பு விட்டுப் பார்த்து, பெரும்பாலும் ஏழெட்டு சோதனைக்குப் பிறகே அசல் பதிப்பு வெளிவரும்.

கேள்வி கட்டளையானது!

2003 நவம்பர். அப்போது லினக்ஸின் அசல் பேரேடு, "பிட்கீப்பர்" என்ற தனியார் கம்பெனி சாஃப்ட்வேரில் இருந்தது. அது பிடிக்காதவர்களுக்காக, "சி.வி.எஸ்." என்ற வேறு முறையில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். அந்த நகல் இருந்த கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து, இரண்டே வரி சேர்த்துவிட்டார்.

பார்த்தால் சாதாரண சோதனை வரி. ஆனால் "சி" மொழியில் இரண்டு சமக்குறி போட்டால், "இவர்தான் தலைமை அதிகாரியா?" என்ற கேள்வி. ஒரு சமக்குறி போட்டால், "இவரைத் தலைமை அதிகாரி ஆக்கு" என்ற கட்டளை! அங்கே இருந்தது ஒரே ஒரு சமக்குறி. இது தெரிந்தவன் கம்ப்யூட்டருக்கே எஜமானன் ஆகிவிடலாம்.

நகலில் இருந்த அந்த மாற்றத்துக்கு அசல் பேரேட்டில் பதிவு இல்லை. ஒப்பிட்டபோது அது தெரிந்துவிட்டது. வரிகள் நீக்கப்பட்டன. செய்தவர் யார் என்பது மட்டும் வெளிவரவே இல்லை.

நான்கே நாளில்!

2005 ஏப்ரலில் பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி போயிற்று. டோர்வால்ட்ஸ் தாமே ஒரு பேரேடு எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3-ந் தேதி தொடங்கிய "கிட்", 7-ந் தேதி தன் கணக்கைத் தானே எழுதத் தொடங்கிவிட்டது! ஜூன் மாதம் வந்த லினக்ஸ் 2.6.12 பதிப்பு, கிட் கணக்கில் உருவானது. ஜூலையில் கிட்டின் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார்.

கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 40 இலக்க முத்திரை உண்டு. முந்திய பதிவின் முத்திரையும் அடுத்த பதிவுக்குள் அடங்கும். பழைய பக்கத்தில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும், பின்னால் வரும் முத்திரைகள் அத்தனையும் மாறிவிடும். போதாததற்கு முழுப் பேரேடும் பலர் கையில் இருக்கிறது. ஓசைப்படாமல் திருத்துவது எப்படி?

அரை வினாடி!

திருத்த முடியாவிட்டால் என்ன, பேரேட்டில் எழுதாமலே நுழையலாமே என்று நினைத்தார் ஒருவர்.

"எக்ஸ்-இசட்" என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு புரோகிராம். தனி ஒருவர் சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தார். "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லபிள்ளையாக உதவி செய்து, பதிப்பு வெளியிடும் பொறுப்பையே பெற்றுவிட்டார். 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 பதிப்புகள் வந்தன.

நஞ்சு, சோதனைக் கோப்பு என்ற வேஷத்தில் பேரேட்டிலேயே கிடந்தது. அதை எழுப்பும் சாவியோ பேரேட்டில் இல்லை. வெளியிட்ட பொதிக்குள் மட்டும் இருந்தது. பலரும் எடுத்தது அந்தப் பொதியைத்தான்!

மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற எஞ்சினீயர், தம் கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். மார்ச் 29-ந் தேதி குட்டு உடைந்தது. டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளோடு ஆபத்து நின்றது. பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளுக்கு அது வரவில்லை.

பேரேடும் மூட்டையும்

2003-ல் இரண்டு ஏடுகளை ஒப்பிட்டார்கள், தப்பினார்கள். 2024-ல் ஏட்டையும் மூட்டையையும் ஒப்பிட ஆள் இல்லை. ஒருவருடைய பொறுமையால் தப்பினார்கள்.

இதற்கு வழி உண்டு. பொதியை நம்பாமல் பேரேட்டிலிருந்தே நேராகப் புரோகிராமை உருவாக்கலாம். ஒரே மூலத்திலிருந்து யார் எங்கே உருவாக்கினாலும் அட்சரம் பிசகாமல் அதே புரோகிராம் வரும்படி செய்து, ஒப்பிடலாம். இந்த முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. உலகமே சாய்ந்து நிற்கும் தூணை ஒரே ஆள் சம்பளமின்றித் தாங்கினால், உதவ வருகிறவர் யார் என்று விசாரிக்க அவருக்கு நேரம் ஏது? அந்தத் தூணால் லாபம் பார்க்கும் கம்பெனிகள்தான் ஆளும் பணமும் தந்து உதவ வேண்டும்.