பாக்கேஜுக்குள் பாக்கேஜ்: கம்போசர் ஏன் தேட மறுக்கிறது?

வீட்டுக் கம்ப்யூட்டரில் பிஎச்பி பழக ஆரம்பிப்பவர்கள் சில மாதங்களிலேயே கம்போசரைச் சந்தித்துவிடுகிறார்கள். பிறர் எழுதி வைத்த புரோகிராம் துண்டுகளை, அதாவது பாக்கேஜ்களை, இன்டர்நெட்டிலிருந்து இறக்கி நம் புராஜெக்டில் சேர்த்துத் தரும் இலவச சாஃப்ட்வேர் இது. நில்ஸ் ஆடர்மன், ஜோர்டி பொஜியானோ ஆகிய இருவர் உருவாக்கியது, 2012-ல் வெளிவந்தது. பொதுவான பாக்கேஜ்களின் பட்டியல் பாக்கேஜிஸ்ட் என்ற தளத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டியதை கம்போசர்.ஜேசன் என்ற ஃபைலில் எழுதி, 'கம்போசர் இன்ஸ்டால்' என்று கட்டளை கொடுத்தால் வெண்டர் என்ற ஃபோல்டருக்குள் அது வந்துவிடும். அந்த பாக்கேஜ் நம்பியிருக்கும் வேறு பாக்கேஜ்களும் கேட்காமலே கூடவே வரும்.

நாமே எழுதி, ஊருக்குக் காட்டாமல் கிட்ஹப் போன்ற தளத்தில் பூட்டி வைத்திருக்கும் பாக்கேஜ்களில்தான் சிக்கல் வருகிறது. ஒரு கடைக்கு புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 'நம்கடை/பில்' என்ற சொந்த பாக்கேஜ் வேண்டும். பில் போட வரிக் கணக்கு தேவை என்பதால், அது 'நம்கடை/வரி' என்ற இன்னொரு சொந்த பாக்கேஜைக் கேட்கிறது. பில் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் புராஜெக்டின் கம்போசர்.ஜேசனில் 'ரெபாசிட்டரீஸ்' பகுதியில் எழுதுகிறீர்கள். வரி இருக்கும் இடத்தை பில்லின் கம்போசர்.ஜேசனில் எழுதிவிட்டீர்கள். இன்ஸ்டால் செய்தால், வரி பாக்கேஜ் கிடைக்கவில்லை, பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம் என்று மெசேஜ் வருகிறது. பெயரை எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை தென்படாது. இல்லாத பிழையைத் தேட வைக்கும் இந்த மெசேஜ் புதியவர்களைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல.

கல்யாண வீட்டில் சமையல்காரர் சாமான் பட்டியல் கொடுப்பார். எந்தக் கடையில் வாங்குவது என்பது வீட்டுக்காரர் முடிவு. கம்போசரின் விதியும் அதுவே. உள்ளே இருக்கும் பாக்கேஜ் 'இது வேண்டும்' என்று கேட்கலாம். எங்கே தேடுவது என்பதை மேலே இருக்கும் முதன்மைப் புராஜெக்ட் மட்டுமே சொல்ல முடியும். உள் பாக்கேஜ்களின் ரெபாசிட்டரீஸ் பகுதியை கம்போசர் கண்டுகொள்வதே இல்லை. பாக்கேஜுக்குள் பாக்கேஜ் என்று ஒவ்வொன்றும் புதுப்புது இடங்களைக் காட்டினால் தேடல் முடிவில்லாமல் நீளும். நமக்குத் தெரியாத முகவரியிலிருந்தும் புரோகிராம் நம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். ஆகவே இந்த விதி எரிச்சலூட்டினாலும் நியாயமானது என்றே சொல்வேன்.

எளிய தீர்வு, வரி பாக்கேஜின் முகவரியையும் முதன்மைப் புராஜெக்டிலேயே எழுதிவிடுவது. நான்கைந்து பாக்கேஜ்கள் வரை இதுவே போதும். எல்லாம் உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருந்தால் ரெபாசிட்டரியின் வகையை 'பாத்' என்று கொடுத்து, ஃபோல்டரைக் காட்டினால் போதும்; இன்டர்நெட்டே தேவையில்லை. பாக்கேஜ்கள் பெருகிவிட்டால் சேட்டிஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் கைகொடுக்கும். அது உங்கள் சொந்த பாக்கேஜ்களுக்கு ஒரு குட்டிப் பட்டியல் தளத்தைத் தயாரித்துத் தரும். அந்த ஒரு முகவரியை மட்டும் ஒவ்வொரு புராஜெக்டிலும் எழுதினால் போதும். புதிய வெர்ஷன் வந்தால் சேட்டிஸை மறுபடி ஓட்ட மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு பொறி: வரி பாக்கேஜுக்கு வெர்ஷன் எண் கொடுக்காமல் விட்டால், கம்போசர் அதை முடியாத வேலை என்று கருதி ஏற்க மறுக்கும். அதைத் தளர்த்தும் உரிமையும் முதன்மைப் புராஜெக்டுக்கே உண்டு. கிட்டில் 1.0.0 என்று ஒரு டேக் போட்டுவிடுவதே நல்லது.

பூட்டிய இடத்தைத் திறக்க டோக்கன் எனும் ரகசியச் சாவி வேண்டும். அதை முகவரியோடு சேர்த்து கம்போசர்.ஜேசனில் எழுதிவிடாதீர்கள், ஆத்.ஜேசன் என்ற தனி ஃபைலில் வையுங்கள், அந்த ஃபைலை கிட்டில் ஏற்றாதீர்கள். தவறி ஏற்றிவிட்டால் ஃபைலை அழிப்பது மட்டும் போதாது, பழைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்த டோக்கனையே உடனே ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டும்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். பெரிய நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்திய பாக்கேஜ்களின் பெயரிலேயே பொதுத் தளங்களில் அவர் பாக்கேஜ்களை ஏற்றி வைக்க, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் அவை போய் ஓடின. அவர் பயன்படுத்தியவை பிற மொழிகளுக்கான தளங்கள். கம்போசரில், 2020 அக்டோபரில் வந்த 2.0 வெர்ஷன் முதல், நீங்கள் எழுதிய ரெபாசிட்டரியில் ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதே பெயரை பாக்கேஜிஸ்டில் தேடுவதில்லை. ஆனால் வரியின் முகவரியை எழுத மறந்தால் தேடல் பாக்கேஜிஸ்டுக்குத்தான் போகும். 'நம்கடை' என்ற முன்பெயரில் ஏதாவது ஒரு சாதாரண பாக்கேஜை நீங்களே அங்கே முதலில் பதிந்துவிட்டால், அதே முன்பெயரில் வேறு யாரும் புதிதாகப் பதிய முடியாது.

எந்த பாக்கேஜ் எதை இழுத்து வந்தது என்று குழம்பினால், 'கம்போசர் வொய்' என்று எழுதி இடம் விட்டு பாக்கேஜின் பெயரைக் கொடுங்கள். யார் கேட்டு அது வந்தது என்று கம்போசரே சொல்லிவிடும்.