கறட்டு முத்தும் பரோக்கும்: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

ஐரோப்பியக் கலை வரலாறும் இலக்கியத் திறனாய்வும் பயில்வோர் ‘பரோக்கு’ என்னும் சொல்லை அடிக்கடி எதிர்ப்படுவர். நாயக்கர் காலத்துக் கோயில் மண்டபங்களையும், மடக்கு, திரிபு, சித்திரகவி முதலியவற்றால் நிறைந்த பிற்காலச் செய்யுட்களையும் இச்சொல்லாற் சுட்டும் வழக்கம் தமிழாய்வினுள்ளும் மெல்லப் புகுந்துள்ளது. அங்ஙனம் சுட்டுங்கால் கருதப்படும் பொருள் யாது? புகழ்ச்சியா, இகழ்ச்சியா, வெறும் காலப் பெயரா? அச்சொல் போர்த்துக்கீசியத்தில் ஒரு பொருளும், பிரெஞ்சில் வேறொரு பொருளும், ஜெர்மனில் மற்றுமொரு பொருளும் உணர்த்தி நிற்றலின், இவ்வினாவிற்கு விடை காணாமல் அதனைத் தமிழிற் கொள்ளுதல் இடர்ப்பாடு விளைக்கும். இச்சொல் முத்து வணிகத்தில் வளர்ந்த சொல்லாகும். ஆதலின் அதன் வரலாற்றை முத்துக் குளித்த நம் தென்கரையில் நின்று நோக்குதல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

கொற்கையின் முத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரையக் கடற் பெரிப்புளூசு’ குறிப்பிடுகின்றது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர், முத்துக் குளிப்பே இதன் தொழிலெனக் கண்டு, ‘பெஸ்காரியாக் கரை’ என்றே இதற்குப் பெயரிட்டனர். 1658 இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சி மாறினும் சலாபத்தின் முறை பெரிதும் மாறவில்லை. கடலடிப் பார்களிலிருந்து குளியாளர் எடுத்துவந்த சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, முத்துக்களைத் துளையிட்ட பித்தளைத் தட்டுக்களில் இட்டுச் சலிப்பர். இருபது துளையுடைய தட்டு முதல் ஆயிரம் துளையுடைய தட்டு வரை அவை வரிசைப்பட்டிருந்தன. தட்டு அளவைத் தெரிவிக்கும். வடிவத்தையும் நீரையும் தெரிவிக்காது. அவற்றை அறிதற்குக் கண் வேண்டும். கண் கண்டதைச் சொல்லுதற்குச் சொல் வேண்டும்.

தமிழர்க்கு அச்சொற்கள் நெடுங்காலமாகவே இருந்தன. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் இறைவனுக்களித்த அணிகலன்களை விரித்துரைக்குமிடத்து, அவற்றிற் கோத்த முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து எனவும், குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனவும் வகைப்படுத்துகின்றன. இவற்றுட் சிலவற்றின் பொருளை இன்று நாம் முற்றும் தெளிதல் அரிது. ஆயின் ‘கறடு’ என்பதில் ஐயமில்லை. உருட்சி அமையாது மேடுபள்ளமாய் விளைந்த முத்து அது. அதனை ஒதுக்கிவிடாது, பெயரிட்டு, எண்ணி, இறைவன் அணியிற் கோத்தனர் என்பதும் நோக்கத்தக்கது. கறடு என்பது கல்வெட்டில் ஒரு வகையின் பெயரே, வசைச்சொல் அன்று.

இனிப் போர்த்துக்கீசியச் சொல்லுக்கு வருவோம். கோவையில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563 இல் அந்நகரிலேயே (மேலைக்கரைக் கோவையை, கொங்குநாட்டுக் கோவையை அன்று, ஈண்டுக் குறித்தோம்) அச்சிட்ட மருந்துப்பொருள் உரையாடல் நூலில் முத்திற்கும் ஓர் உரையாடல் வகுத்துள்ளார். வடிவம் திருந்தாமல், உருண்டையாகாமல், நீர் செத்த முத்துக்களை அவர் ‘பர்ரோக்கோ’ என்கின்றார். முத்தின் ஒளியை ‘நீர்’ என்றல் நம் கல்வெட்டிற்கும் அவர்தம் மொழிக்கும் பொதுவாதல் காண்க. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மணியின் ஒளிக்கு நீர் என்னும் பொருளுடைய சொல்லே வழங்குகின்றது.

‘பர்ரோக்கோ’ முத்திற்கு முன்னர்ப் பாறைக்குப் பெயராயிருந்தது. போர்த்துக்கல் நாட்டிற் கரடுமுரடான கருங்கற்பாறையை அச்சொல் குறிக்கும். இசுப்பானிய மொழியிலும் ‘பெர்ருவேக்கோ’, ‘பர்ருவேக்கோ’ என்னும் வடிவங்கள் பாறையையும் கறட்டு முத்தையும் குறிப்பன. இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். முத்துச் சிப்பி வாழும் கடலடிப் பாறைத்திட்டு நம் கரையிற் ‘பார்’ எனப்படும். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொலாயிரம் பார் அவற்றுட் புகழ்பெற்றது. பாறையும் முத்தும் ஒருங்கே நிற்கும் இவ்விடத்திற் ‘பார்’ என்பதே ‘பர்ரோக்கோ’ ஆயிற்று என்று சொல்ல ஆசை எழும். அவ்வாசையை அடக்குதல் வேண்டும். வாசுகோ த காமா 1498 இற் கோழிக்கோட்டை அடைவதற்கு முன்னரே அச்சொல் ஐபீரிய நாட்டிற் பாறையின் பெயராய் வழங்கியது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உலகச் சொற்களையெல்லாம் தமிழாக்கும் முயற்சி தமிழுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

பிரெஞ்சுக்குச் சென்றபோது சொல் முதலில் முத்தளவிலேயே நின்றது. பிரெஞ்சு மொழிக் கழகத்தின் 1694 ஆம் ஆண்டு அகராதி, உருட்சி குறைந்த முத்துக்கு மட்டுமே அதனை உரியதாக்கிற்று. 1740 ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒழுங்கற்றது, விந்தையானது, ஏறுமாறானது என்னும் உருவகப் பொருளும் இடம்பெற்றது. அரை நூற்றாண்டிற்குள் நிகழ்ந்த இம்மாற்றமே இச்சொல் வரலாற்றின் திருப்பம் ஆகும். முத்தைக் குறித்தவரை அது தரம் பிரிக்கும் சொல். விலை குறையினும் அதற்கும் ஒரு விலையுண்டு. கருத்தையும் கலையையும் குறிக்கத் தொடங்கிய பின்னரோ அது தீர்ப்புச் சொல்லாயிற்று. 1768 இல் வெளிவந்த இசையகராதியில் உரூசோ, இயைபு குழம்பி, இயல்பு கெட்டு, வலிந்து செய்யப்பட்ட இசையை அச்சொல்லாற் குறித்தார். இன்றும் பிரெஞ்சு மக்கள் பேச்சில் ஒருவர்தம் எண்ணத்தைப் ‘பரோக்கு’ என்றால், விசித்திரமானது என்றே பொருள்.

உரூசோ இச்சொல்லின் பிறப்பை முத்திற் காணவில்லை. அளவை நூலிற் கண்டார். இடைக்கால ஐரோப்பிய அளவை நூலார் அனுமான வகைகளை நினைவிற் கொள்ளுதற்குப் ‘பார்பரா’, ‘செலாரெந்து’ முதலிய குறியீட்டுச் சொற்களை ஆக்கினர். நம் வெண்பா வாய்பாடுகளாகிய நாள், மலர், காசு, பிறப்புப் போல்வன அவை. அவற்றுள் ஒன்று ‘பரோக்கோ’. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர் பழைய வகுப்பறை வாதங்களை எள்ளிய காலை, ‘பரோக்கோ வாதம்’ என்பது வளைந்து நெளிந்த வீண் வாதத்திற்குப் பெயராயிற்று. இத்தாலிய அறிஞர் பெனடெட்டோ குரோச்சே இவ்வழியையே வற்புறுத்தினார். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய இலக்கியத்தில் அப்பண்பைக் குறையாகவே கண்டார். முத்தினின்று வந்த சொல்லும் அளவையினின்று வந்த சொல்லும் ஒலியால் ஒன்றாகி, ஒன்றன் இகழ்ச்சி மற்றொன்றில் ஏறியது என்று கொள்ளின் இரு சாரார் கூற்றும் இடம்பெறும். எம் கருத்தும் அதுவே.

இகழ்ச்சியை நீக்கியவர் ஜெர்மன் மொழியார். யாக்கோப்பு புர்க்கார்ட்டு 1855 இல் எழுதியபோது, பரோக்குக் கட்டடக் கலை மறுமலர்ச்சிக் கலையின் சிதைந்த கிளைமொழி போல்வது என்னும் எண்ணமே அவரிடம் இருந்தது. அவர்தம் மாணவர் ஐன்றிக்கு வொல்ஃப்லின் 1888 இலும், பின்னர் 1915 இலும் வெளியிட்ட நூல்களில், அது சிதைவன்று, வேறொரு காட்சி முறை என்று நிறுவினார். கோட்டின் தெளிவுக்கு மாறாக வண்ணத்தின் கலப்பு, மூடிய அமைப்புக்கு மாறாகத் திறந்த அமைப்பு என அவர் இணையிணையாகப் பண்புகளை வகுத்துக் காட்டினார். 1919 இல் குர்ட்டு சாக்சு அப்பெயரை இசை வரலாற்றுக்கும் கொணர்ந்தார். உரூசோ வசையாகச் சொன்ன சொல் பாக்கு, ஏண்டல் ஆகியோர்தம் காலத்திற்குப் பெருமைப் பெயராய் அமைந்தது.

ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து சொல்லையும் ஜெர்மனிலிருந்து கலைப்பொருளையும் கடன் பெற்றது. நகை வணிகர் மட்டும் முத்துப் பொருளை விடாது வைத்துள்ளனர். போர்த்துக்கீசிய மொழியிற் பாறை, முத்து, கலை ஆகிய மூன்றும் ஒரு சொல்லினுள் இன்றும் உறைகின்றன. பிரேசில் நாட்டில், 1814 இல் மறைந்த அலெயிசாதினோ என்னும் சிற்பியின் கோயில்களைக் கருதி அச்சொல்லைக் கூறுவார் முகத்திற் பெருமிதமே தோன்றும். மிகத் தெளிவாக நடந்துகொண்டது இசுப்பானியமே. முத்துக்குப் ‘பர்ருவேக்கோ’, கலைக்குப் ‘பர்ரோக்கோ’ என அது சொல்லையே இரண்டாகப் பிரித்துக்கொண்டது.

முத்திலேயே இம்மாற்றத்தின் விதை இருந்தது என்பதையும் கூறல் வேண்டும். பதினாறு, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியப் பொற்கொல்லர் கறட்டு முத்தின் புடைப்பில் ஓர் உருவத்தைக் கண்டனர். புடைத்த முத்து குறளனின் வயிறாகும். நீண்டு வளைந்த முத்து கடற்கன்னியின் உடலாகும். எஞ்சிய உறுப்புக்களைப் பொன்னாலும் மணியாலும் அமைத்தனர். டிரெசுடன் நகரத்துப் பசுமைக் கருவூலத்தில் இத்தகையன பல உள. வட்ட முத்தைக் கோக்கலாம். அதனைக் கொண்டு இது செய்தல் இயலாது.

தமிழ் முத்திலிருந்து எடுத்த உருவகம் வேறு. ஆணிமுத்து, முத்தான சொல், முத்து முத்தான எழுத்து என்று நாம் கூறுவன எல்லாம் உருட்சியையும் ஒழுங்கையும் பற்றியன. நடையைக் ‘கரடுமுரடு’ என்கின்றோமேனும், அங்கு நினைப்பது கற்பாங்கான வழியையே அன்றி முத்தை அன்று. ஆகவே ‘பரோக்கு’ என்பதன் பின்னணியிலுள்ள முத்து தமிழ் மாணவர் செவியில் ஒலிப்பதில்லை. பிரெஞ்சு வசையும் ஜெர்மன் மதிப்பும் வேறுபாடின்றிக் கலந்தே ஒலிக்கின்றன. சித்திரகவியைப் பரோக்கு என்று ஓர் ஆய்வாளர் எழுதினால், அக்கவிஞர் நெறி பிறழ்ந்தார் என்கின்றாரா, தனியொரு நெறி கண்டார் என்கின்றாரா என்பது விளங்குவதில்லை. வொல்ஃப்லின் வகுத்த பண்புகளைக் கருதினால், அவற்றுள் எது அச்செய்யுளில் உளது எனக் காட்டுதல் அவர்தம் கடன். காட்டவியலாதாயின், மடக்கு, திரிபு என்னும் நம் இலக்கணப் பெயர்களே போதும். அவை செய்யுளில் உள்ளதை உள்ளவாறு கூறும்.

தூத்துக்குடியிற் பனிமய மாதா கோயில் 1713 இற் கட்டப்பெற்றது. அதனைப் பரோக்குக் காலத்தது என்று கூறின் இழுக்கில்லை. அது காலத்தையும் தொடர்பையும் சுட்டும் பெயராய் நிற்கும். நாயக்கர் மண்டபத்திற்கு அத்தொடர்பு இல்லை. அங்கு அச்சொல் ஒப்புமையே ஆகும். ஒப்புமை என்று சொல்லியே ஆளுதல் வேண்டும்.

அகராதி தொகுப்போர்க்கு ஒரு வேண்டுகோள். இசுப்பானியம் போலத் தமிழும் இருவேறு தலைச்சொற்கள் கொள்ளலாம். ஐரோப்பியக் கலைக்கும் அதன் காலத்திற்கும் ‘பரோக்கு’ நிற்கட்டும். முத்துக்கு அதனை எழுத்துப்பெயர்த்தல் வேண்டா. தூத்துக்குடிக் கடலில் இயற்கை முத்துக் குளிப்பு 1961 உடன் நின்றுபோயினும், 1973 இல் அந்நகரிலேயே வளர்ப்பு முத்து ஆக்கும் முயற்சி வெற்றி பெற்றது. வளர்ப்பு முத்திலும் உருட்சி அமையாதன உண்டு. அவற்றைக் குறிக்கும் பெயர் தஞ்சைக் கல்வெட்டில் ஆயிரம் ஆண்டுகளாகப் பொறித்துக் கிடக்கின்றது.