சாதியக் கொடுமையைப் பேசும் புதினங்களும் பாடத்திட்டமும்: ‘கருக்கு’, ‘சங்கதி’ ஆகியவற்றை முன்வைத்து

முன்னுரை

சாதியக் கொடுமையைச் சித்திரிக்கும் படைப்புகள் வகுப்பறைக்கு உரியனவா என்னும் வினா கல்விப்புலத்தில் அவ்வப்போது எழுகிறது. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கிய இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் ‘சங்கதி’, சுகிர்தராணியின் கவிதைகள், மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ ஆகியவற்றை நீக்கியது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பிலாக்சி நகரப் பள்ளிகளில் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960), அதன் மொழி மனச்சங்கடம் தருகிறது என்னும் காரணத்தால் 2017இல் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து விலக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்புநோக்கி, இராமநாதபுரம் வட்டாரப் பின்புலத்தில் இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

வட்டாரப் பின்புலம்

1931இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்டோர்மீது பதினொரு தடைகளை விதித்ததை ஜே.எச்.ஹட்டன் பதிவுசெய்துள்ளார். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் எழுத்தறிவு பெறக்கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மட்டுமே மேய்க்கவேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். படிப்பே மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்த நூலைப் படிப்பதா என்னும் விவாதத்தை இவ்வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) ஆகியன வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி வாழ்விலிருந்து பிறந்தவை. அப்பகுதி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பனைமட்டையின் இருபுறக் கூர்விளிம்பே கருக்கு. ஆர்.எஸ்.மங்கலத்தில் பயிலும் மாணவர்க்கு இச்சொல்லை விளக்க அடிக்குறிப்பு வேண்டியதில்லை. கண்மாயும் கரம்பையும் அவர்தம் அன்றாடச் சொற்களே. அந்நெருக்கமே வகுப்பறையில் தயக்கத்தையும் உண்டாக்குகிறது.

மறுப்புகளும் மதிப்பீடும்

இத்தகைய நூல்களுக்கு எதிராக மூன்று மறுப்புகள் கூறப்படுகின்றன: இழிசொற்கள் புண்படுத்தும், ஒடுக்கப்பட்ட மாணவர் வகுப்பில் அடையாளப்படுத்தப்படுவர், சாதிப்பகை வளரும்.

முதலிரண்டு மறுப்புகளும் பொருட்படுத்தத்தக்கவை. எனினும், அவை கற்பிக்கும் முறை குறித்தவை. நூலை நீக்குவதற்குப் போதிய காரணங்கள் ஆகா. மூன்றாவது மறுப்புக்கு நடப்பு நிலையே விடை தருகிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்மீது நிகழ்ந்த சாதிவெறித் தாக்குதலையடுத்துத் தமிழக அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. மாணவர் கைகளில் சாதிக்கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டுமென்பது 2024இல் அக்குழு அளித்த பரிந்துரைகளுள் ஒன்று. பாடநூல் பேசாவிடினும் சாதி வகுப்பறைக்குள் இருக்கிறது என்பது இதனால் புலப்படும்.

செவ்வியல் தகுதி மட்டுமே ஒரு நூலைத் தக்கவைக்கப் போதாது என்பதும் நோக்கத்தக்கது. லீயின் புதினத்தில் வெள்ளை வழக்கறிஞரே மையம். குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் பெரிதும் பிறர் பார்வையிலேயே அறியப்படுகிறார். பாமாவின் எழுத்தில் ஒடுக்கப்பட்டோர் தம் வழக்கிலேயே தம்மைப் பேசுகின்றனர். அவர்தம் நகைப்பும் சினமும் உழைப்பும் உடன் வருகின்றன. ஆகவே முன்னதை மாற்றுவதற்குக் கூறப்படும் நியாயம் பின்னதற்குப் பொருந்தாது.

முடிவுரை

இந்நூல்கள் பாடத்திட்டத்தில் தொடரவேண்டும். அதற்குச் சில நெறிகளும் வேண்டும். இழிசொற்களை மாணவரைக்கொண்டு உரக்க வாசிக்கச் செய்தல் கூடாது. எந்த மாணவரையும் தம் சாதி அனுபவத்துக்குச் சான்றாக நிறுத்தலாகாது. வட்டார வரலாற்று ஆவணங்களை இணைத்துக் கற்பித்தல் நலம். தேர்வு வினாக்கள் கதைச்சுருக்கம், பாத்திரப்பண்பு என்னும் அளவில் நின்றுவிடாமல், ஒடுக்குமுறை இயங்கும் விதத்தை வினவவேண்டும். அவ்வாறன்றிப் பட்டியலில் மட்டும் இடம்பெறும் நூல், நீக்கப்பட்ட நூலினின்று பெரிதும் வேறுபட்டதன்று.