வாக்குக் கணக்கும் திரைக்கதையும்: 'லிங்கன்' திரைப்படம்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களைப் பற்றிய திரைப்படங்களுள் போரையோ படுகொலையையோ நாடுவன பல. ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இயக்கிய 'லிங்கன்' (2012) ஒரு வாக்கெடுப்பை நாடகமாக்குகிறது. அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் 1865 சனவரி 31 அன்று பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. ஆதரவு 119, எதிர்ப்பு 56. மூன்றில் இரு பங்குக்கு 117 வாக்குகள் தேவைப்பட்டன, மிகுந்தவை இரண்டே. தேர்தலில் தோற்றுப் பதவி முடியவிருந்த உறுப்பினர்களிடம் அரசுப் பணிகளைக் காட்டி வாக்குத் தேடும் தரகர்களின் அலைச்சலே, லிங்கனின் உரைகளைவிட, படத்திற்கு உயிர் தருகிறது.

வாக்கைப் பொருளாகக் கொண்ட இப்படம் வாக்களித்தோர் விவரத்திலேயே தவறியது. கனெக்டிகட் உறுப்பினர் இருவர் எதிர்த்து வாக்களிப்பதாக அது காட்டுகிறது. உண்மையில் அம்மாநில உறுப்பினர் நால்வரும் ஆதரித்தனர். இதனை 2013இல் கனெக்டிகட்டின் காங்கிரசு உறுப்பினர் ஜோ கோர்ட்னி சுட்டிக்காட்டினார். திரைக்கதை ஆசிரியர் டோனி குஷ்னர் மாற்றத்தை ஒப்புக்கொண்டார். வெற்றி எத்துணைக் குறுகியது என்பதைப் புலப்படுத்தவே அவ்வாறு செய்ததாகவும், அவ்விருவருக்கும் கற்பனைப் பெயர்களே இடப்பட்டதாகவும் விளக்கினார். தனிமனிதரைக் காத்த அவ்வெச்சரிக்கை பாராட்டத்தக்கதே; மாநிலத்தின் பெயரோ மாறவில்லை. இரண்டு வாக்குகளின் அருமையை உணர்த்தும் படைப்பில் இரண்டு வாக்குகளை இடம் மாற்றுவதைச் சிறு பிழையெனக் கொள்ளுதல் அரிது. அதே ஆண்டில்தான் இப்படத்தின் குறுவட்டினை அமெரிக்கப் பள்ளிகளுக்கு இலவசமாக வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.