சூரிய மண்டலமும் ஏரியின் ஏற்றவற்றமும்

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்து வாழும் சுண்ணாம்புக்குளம் முதலிய கிராமங்களின் ஜனங்களுக்கு ஆகாயத்தைப் பற்றிக் கூறுவதால் என்ன பிரயோஜனம் என்று சிலர் வினவலாம். வலை, தோணி, இறால், சந்தை விலை ஆகிய விஷயங்களே அவர்களுக்கு வேண்டுவன என்பது அன்னாரது எண்ணம். ஆயினும், இவ்வேரியில் நாள்தோறும் நீர் ஏறுவதும் வற்றுவதும் சந்திரனும் சூரியனும் செய்யும் வேலையேயாகும். ஆகவே சூரிய மண்டலத்தின் ஒழுங்கை அறிவது மீன் பிடிப்போருக்கு வெறும் வேடிக்கையன்று, தொழிலுக்குரிய அறிவேயாம்.

சூரியனும் கிரகங்களும்

சூரியன் ஒரு நட்சத்திரம். மற்ற நட்சத்திரங்களைவிட நமக்கு மிக அருகில் இருப்பதால் பெரிதாகத் தோன்றுகிறது. அதன் தூரம் சுமார் 9 கோடி 30 லட்சம் மைல். அதிலிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிஷங்களுக்குச் சற்று அதிகமாகும். அதன் ஆகர்ஷண சக்திக்குக் கட்டுப்பட்டுப் புதன், சுக்கிரன், பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்னும் எட்டுக் கிரகங்கள் அதனைச் சுற்றி வருகின்றன. புதன் 88 நாட்களில் ஒரு சுற்று முடிக்கும். பூமிக்கு ஒரு வருஷமும், வியாழனுக்குச் சுமார் 12 வருஷமும், சனிக்குச் சுமார் 29½ வருஷமும், நெப்டியூனுக்குச் சுமார் 165 வருஷமும் செல்லும். முன்னர் ஒன்பதாவது கிரகமாக எண்ணப்பட்ட புளூட்டோவை 2006-ஆம் வருஷத்தில் வான சாஸ்திரிகள் குறுங்கிரகங்களின் வரிசையில் சேர்த்துவிட்டனர்.

தோணிக்காரர் வைகறையில் காணும் விடிவெள்ளி நட்சத்திரமன்று. அது சுக்கிரன் என்னும் கிரகமே. அதற்குச் சுய ஒளியில்லை. சூரிய ஒளி பட்டே அது பிரகாசிக்கிறது.

இவற்றின் அளவை மனத்திற் கொள்ள ஓர் எளிய வழியுண்டு. ஒன்றரை அடி அகலமுள்ள பானையொன்றை ஏரிக்கரையில் வைத்து அதுவே சூரியன் எனக் கொள்வோம். அங்கிருந்து சுமார் 160 அடி தூரத்தில் வைத்த ஒரு மிளகே பூமி. மிளகிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளி வைத்த ஒரு கசகசாவே சந்திரன். கிரகங்களிற் பெரியதாகிய வியாழன் 840 அடிக்கப்பால் ஓர் எலுமிச்சம்பழம். நெப்டியூனோ ஒரு மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் ஓர் அரைநெல்லிக்காய். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு கரையோரமாக இதனைச் செய்து காட்டலாம்.

சிறு கிரகங்கள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே லட்சக்கணக்கான சிறு கிரகங்கள் சுற்றுகின்றன. அவற்றுள் ‘ஏசியா’ என்பதனைச் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானசோதனைச் சாலையில் நார்மன் போக்சன் என்பவர் 1861-ஆம் வருஷத்தில் கண்டுபிடித்தார். 1988-ஆம் வருஷத்தில் காவலூர் வானசோதனைச் சாலையில் கண்ட மற்றொன்றுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வழங்கப்பட்டது. இவற்றையன்றி, பனியும் தூசியும் கலந்த வால் நட்சத்திரங்களும் உண்டு. இரவில் நட்சத்திரம் விழுவதாகத் தோன்றுவது, சிறு கற்றுகள் காற்றில் எரிந்துபோவதே.

ராகு, கேது

பஞ்சாங்கத்திற் கூறப்படும் ராகுவும் கேதுவும் உருவமுள்ள பொருள்களல்ல. ஆகாயத்தில் சந்திரனுடைய பாதை சூரியனுடைய பாதையை வெட்டும் இரண்டு இடங்களே அவை. அவ்விடங்களின் அருகே அமாவாசை நேர்ந்தால் சூரிய கிரகணமும், பௌர்ணமி நேர்ந்தால் சந்திர கிரகணமும் உண்டாகும். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. கண் பார்வை கெடும். சந்திர கிரகணத்தைப் பார்ப்பதால் யாதொரு தீங்கும் இல்லை.

நீர் ஏறுவது ஏன்?

சந்திரன் பூமியைத் தன்பால் இழுக்கிறது. தனக்கு எதிரேயுள்ள கடல்நீரை அதிகமாகவும், மறுபுறத்து நீரைக் குறைவாகவும் இழுப்பதால், பூமியின் இரு பக்கங்களிலும் கடல் சிறிது மேலெழுகிறது. பூமி சுழலும்போது நம் கரை இவ்விரண்டையும் கடந்து செல்வதால், நாளொன்றுக்கு இரு முறை நீர் ஏறி இரு முறை வற்றுகிறது. இதுவே ஓதம். சந்திரனும் நகர்ந்துகொண்டிருப்பதால், ஏற்றத்தின் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிஷம் பிந்தும்.

சூரியனும் நீரை எழுப்புகிறது. ஆனால் அதன் வெகு தூரத்தினால், அதன் பங்கு சந்திரனுடையதிற் பாதிக்கும் குறைவே. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் மிகும். அஷ்டமியை யொட்டி ஒன்றுக்கொன்று குறுக்கே இழுப்பதால் அவை குறையும். எனவே பஞ்சாங்கத்தில் திதியைப் பார்க்கத் தெரிந்தவர் ஓதத்தின் போக்கையும் முன்கூட்டி அறியலாம். முறை வைத்துப் பாடு இறங்குவோரும், நீரோட்டத்திற்கு எதிரே கழியூன்றி வலை கட்டுவோரும் இதனை அனுபவத்தால் அறிவர். அவ்வனுபவத்தின் காரணமே இங்குக் கூறப்பட்டது.

புயற்காலத்தில் இவ்வறிவு உயிரையும் காக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் புயல், அமாவாசை அல்லது பௌர்ணமியை யொட்டி நீரேறும் வேளையில் கரையைக் கடக்குமாயின், கடல் வழக்கத்தினும் உயர்ந்து உட்புகும். அத்தகைய நாட்களில் தோணிகளை மேட்டில் ஏற்றிவிட்டு, தாழ்ந்த இடங்களை முன்னதாகவே விட்டு நீங்குதல் வேண்டும்.

முகத்துவாரம்

சந்திரன் எவ்வளவு இழுத்தாலும், வழியடைபட்டால் ஓதம் ஏரிக்குள் வாராது. கடலோர நீரோட்டம் கொணரும் மணல் முகத்துவாரத்தைத் தூர்க்கும்போது, புதுநீர் புகுவது தடைப்படுகிறது. கோடையில் ஏரிநீர் ஆவியாகி உப்பு மிகுகிறது. இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் கடலிலிருந்து உள்ளே வருவது குன்றுகிறது. சுண்ணாம்புக்குளம் போன்று முகத்துவாரத்திற்குத் தொலைவிலுள்ள ஊர்களில் ஓதத்தின் வேகம் இயல்பாகவே குறைவு; வாய் தூர்ந்தால் அதுவும் அற்றுப்போகும். ஆகையால் முகத்துவாரத்தைத் திறந்து வைத்தல் அதன் அருகிலுள்ளாருக்கு மட்டுமன்றி, ஏரியைச் சூழ்ந்த யாவருக்கும் உரிய காரியமாகும்.

எதிர்க்கரையிலிருந்து கிரகங்களுக்கு

இவ்வேரியைக் கடலினின்று பிரிக்கும் மணல்திட்டே ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2008-ஆம் வருஷம் அக்டோபர் 22-ல் சந்திரயான்-1 புறப்பட்டு, சந்திரனில் நீரின் அடையாளத்தைக் காட்டிற்று. 2013-ல் அனுப்பிய மங்கள்யான் மறு வருஷம் செவ்வாயை யடைந்தது. 2023-ஆம் வருஷம் ஜூலை 14-ல் சென்ற சந்திரயான்-3 ஆகஸ்டு 23-ல் சந்திரனின் தென் துருவப் பிரதேசத்தில் இறங்கியது. அவ்வருஷமே சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 அனுப்பப்பட்டது. ராக்கெட் ஏவும் நாட்களில் அபாயத்திற்குரிய கடற்பகுதி முன்னறிவிக்கப்படும். அவ்வறிவிப்பைக் கேட்டறியாமல் எவரும் கடலுக்குச் செல்லலாகாது.

கிராமவாசிகள் செய்யத்தக்கது

கரையில் அடியும் அங்குலமும் குறித்த ஒரு கழியை ஊன்றுக. ஓர் அமாவாசை தொடங்கி மறு அமாவாசை வரை, நீர் ஏறிய நேரத்தையும் உயரத்தையும் திதியுடன் ஒரு நோட்டில் எழுதி வருக. எழுத வல்ல பிள்ளைகள் இதனை மகிழ்ச்சியுடன் செய்வர். முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்துக் கணக்கையும் தூர்ந்த காலத்துக் கணக்கையும் ஒப்பிட்டால், ஏரிக்கு நேர்ந்த குறை எத்துணை என்பது விளங்கும். குறையை வாயாற் சொல்வதினும் எழுதிய கணக்கைக் காட்டுவது அதிகாரிகளிடத்தும் வலிவுடையதாகும்.